தட்சுயா நகாடாய்: ரசிகர்களின் வியப்பும் சாமுராய்ப் படங்களின் கேள்வியும்

தட்சுயா நகாடாய் (13 டிசம்பர் 1932 – 8 நவம்பர் 2025) ஜப்பானியத் திரைப்பட, நாடக நடிகர். டோக்கியோவில் பிறந்தவர். இயற்பெயர் மோட்டோஹிசா நகாடாய். மசாகி கோபயாஷி, அகிரா குரோசாவா, கிஹாச்சி ஒகமோட்டோ, ஹிதேயோ கோஷா முதலிய இயக்குநர்களின் சாமுராய்ப் படங்கள் வழியாக உலகெங்கும் அறியப்பட்டவர். எழுபது ஆண்டுகளுக்கு மேல் நடித்தார். நூற்றுக்கு மேற்பட்ட திரைப்படங்களில் தோன்றினார். 2015-ஆம் ஆண்டு ஜப்பானிய அரசின் பண்பாட்டு விருதைப் பெற்றார்.

இக்கட்டுரை அவருடைய வாழ்க்கை வரலாறு அன்று. அவர்மீது ரசிகர்கள் கொண்டுள்ள வியப்பு எவற்றைச் சுற்றி எழுந்தது, அந்த வியப்பு அவருடைய படங்கள் சொல்வதோடு பொருந்துகிறதா என்பதை ஆராய்வதே நோக்கம். பழைய ஜப்பானியப் படங்களை இப்போதுதான் பார்க்கத் தொடங்கும் மாணவர்களை மனத்தில் கொண்டு எழுதப்பட்டது. கதைகளின் முடிவுகளும் இதில் பேசப்படுகின்றன.

ரசிகர்கள் வியப்பவை

நகாடாயைப் பற்றிப் பேசும் எவரும் முதலில் அவருடைய கண்களைச் சொல்வார்கள். அகன்ற, இமைக்காத, எதையோ கடந்து பார்ப்பது போன்ற கண்கள். அடுத்து அவருடைய வாள்வீச்சு. அதற்கடுத்து, படப்பிடிப்புகளைப் பற்றிய கதைகள்.

அந்தக் கதைகள் சுவையானவை. ‘செவன் சாமுராய்’ (1954) படத்தில் தெருவில் நடந்து போகும் பெயரற்ற சாமுராயாக அவர் சில நொடிகள் வருகிறார். அந்த நடை சாமுராயின் நடையாக இல்லை என்று குரோசாவா பல மணி நேரம் அவரைத் திரும்பத் திரும்ப நடக்க வைத்தாராம். ‘சஞ்சுரோ’ (1962) படத்தின் இறுதியில் தோஷிரோ மிஃபுனேயின் ஒரே வீச்சில் நகாடாயின் மார்பிலிருந்து இரத்தம் பீறிடுகிறது. ஆடைக்குள் வைத்த குழாயிலிருந்து அது எதிர்பார்த்ததைவிட அதிக விசையோடு வெளிவந்தது. ‘ஹராகிரி’ (1962) படத்தின் சண்டையில் உண்மையான வாள்களையே பயன்படுத்தினோம் என்று நகாடாய் கூறியிருக்கிறார். ‘ரான்’ (1985) படத்துக்காக ஃபூஜி மலைச்சரிவில் கட்டிய கோட்டையை உண்மையாகவே எரித்தார்கள். எரியும் கோட்டையின் படிகளில் அவர் இறங்கி வரும் காட்சியை ஒரே முறைதான் எடுக்க முடியும். கால் இடறியிருந்தால் மீண்டும் எடுக்கக் கோட்டை இருந்திருக்காது.

இவற்றை ரசிகர்கள் விரும்புவதில் தவறில்லை. ஒரு நடிகர் தம் தொழிலுக்காக எவ்வளவு துணிந்தார் என்பதை இவை காட்டுகின்றன. ஆனால், இந்தக் கதைகளைக் கூர்ந்து பார்த்தால் ஒன்று தெரியும். இவற்றில் பெரும்பாலானவை ஆபத்தைப் பற்றியவை: கூரிய வாள், பீறிடும் இரத்தம், எரியும் கோட்டை. நடிப்பைப் பற்றியது முதல் கதை மட்டுமே, அந்த நடையைப் பற்றியது. அதையும் ரசிகர்கள் ஒரு பெரிய இயக்குநரின் கண்டிப்புக்கு உதாரணமாகவே சொல்கிறார்கள். வீரத்தை வியக்கும் பழக்கத்தால் நடிகரையும் ஒரு வீரராக்கிவிடுகிறோம். நகாடாயின் முக்கியமான படங்களோ அப்படிப்பட்ட வியப்பையே விசாரணைக் கூண்டில் நிறுத்துபவை.

‘ஹராகிரி’: வாளை வீசி எறிந்த சாமுராய்

இதற்கு முதன்மையான சான்று கோபயாஷியின் ‘ஹராகிரி’. ஜப்பானில் இதன் பெயர் ‘செப்புக்கு’. ஷினோபு ஹஷிமோட்டோ திரைக்கதை எழுத, தோரு தகெமிட்சு இசையமைத்தார். 1963-ஆம் ஆண்டு கான் திரைப்பட விழாவில் நடுவர் குழுவின் சிறப்புப் பரிசு பெற்றது.

கதை நிகழும் ஆண்டு 1630. நாட்டில் அமைதி நிலவுகிறது. ஆனால், ஷோகுன் ஆட்சி பல பிரபுக்களின் குடும்பங்களைக் கலைத்துவிட்டதால், தலைவனை இழந்த சாமுராய்கள் பிழைக்க வழியின்றி அலைகிறார்கள். இவர்களை ரோனின் என்பார்கள். அவர்களில் ஒருவர் ஹன்ஷிரோ (நகாடாய்). அவர் இய் குடும்பத்தின் எடோ மாளிகைக்கு வந்து, அதன் முற்றத்தில் வயிற்றைக் கிழித்து மானத்தோடு சாக அனுமதி கேட்கிறார். மாளிகையின் நிர்வாகி (ரென்டாரோ மிகுனி) சில மாதங்களுக்கு முன் வந்த மொட்டோமே என்ற இளைஞனின் கதையைச் சொல்லி அவரை அச்சுறுத்தப் பார்க்கிறார். அந்த இளைஞனும் இதே வேண்டுகோளோடு வந்தான். இரக்கப்பட்டுப் பணம் கொடுத்து அனுப்பிவிடுவார்கள் என்று நம்பி வந்தவன் அவன். அவனுடைய உறையில் இருந்தவை மூங்கில் வாள்கள். உண்மையான வாள்களை விற்றுவிட்டிருந்தான். மாளிகையினர் அந்த மூங்கிலாலேயே வயிற்றைக் கிழித்துக்கொள்ள அவனைக் கட்டாயப்படுத்தினார்கள்.

அந்த இளைஞன் ஹன்ஷிரோவின் மருமகன் என்பது பின்னர்தான் வெளிப்படுகிறது. மனைவிக்கு நோய், குழந்தைக்குக் கடும் காய்ச்சல், மருத்துவருக்குக் கொடுக்கக் காசில்லை. இந்த நிலையில்தான் மொட்டோமே வாள்களை விற்றான்.

இப்படத்தைப் பற்றிப் பேசும் ரசிகர்கள் இறுதிச் சண்டையைச் சொல்வார்கள். காற்றில் புல் அசையும் வெளியில் டெட்சுரோ டம்பாவோடு நடக்கும் வாள்போரைச் சொல்வார்கள். ஆனால், படத்தின் உயிர்நாடி வேறொரு காட்சியில் இருக்கிறது. மருமகனின் உடல் வீட்டுக்கு வருகிறது. அவன் வாள்களை விற்றுவிட்டிருந்தான் என்பது அப்போதுதான் ஹன்ஷிரோவுக்குத் தெரிகிறது. குடை செய்து பிழைக்கும் வறுமையிலும் அவர் தம் வாளை விற்க நினைத்ததே இல்லை. குழந்தை காய்ச்சலில் கிடக்கும்போதும் அந்த எண்ணம் அவருக்கு வரவில்லை. நகாடாய் அந்த வாளை எடுத்துப் பார்க்கிறார். இவ்வளவு காலம் இந்த உலோகத் துண்டையா கட்டிக்கொண்டிருந்தேன் என்ற உணர்வு முகத்தில் மெல்லப் படர்கிறது. வாளை வீசி எறிகிறார், உடைந்து அழுகிறார்.

நகாடாயின் சாமுராய் வேடங்கள் எல்லாவற்றிலும் இதுவே மிக முக்கியமான வாள் காட்சி என்பது என் கருத்து. இதில் ஒருவரும் வெட்டப்படுவதில்லை. வாள் ஒரு மனிதரின் அறிவை எப்படி மறைத்தது என்பதை அவரே உணரும் தருணம் இது. அதைக் கடந்து சண்டைக்குத் தாவிச் செல்லும் ரசிகர், ஹன்ஷிரோ எறிந்த வாளை எடுத்து மீண்டும் அவர் கையில் கொடுக்கிறார்.

படத்தில் இன்னொரு பொருளும் உண்டு. இய் குடும்ப முன்னோரின் கவசம். உள்ளே ஆளில்லாத வெறும் கவசம் மேடையில் வீற்றிருக்க, எல்லோரும் அதை வணங்குகிறார்கள். இறுதியில் ஹன்ஷிரோ அதைத் தூக்கிக் கீழே எறிகிறார். துப்பாக்கிகளால் சூழப்பட்டுச் சாகிறார். பிறகு கவசம் மீண்டும் பழைய இடத்தில் வைக்கப்படுகிறது. நடந்த கொலைகள் எல்லாம் நோயால் நேர்ந்த சாவுகள் என்று மாளிகையின் குறிப்பேட்டில் எழுதப்படுகின்றன. நடிகரைக் கண்களும் வாளும் மட்டுமாகச் சுருக்கி வணங்கும்போது, நாமும் அப்படியொரு கவசத்தைத்தான் மேடையில் வைக்கிறோம்.

கொலைகாரனை வியத்தல்

ஒகமோட்டோவின் ‘ஸ்வோர்ட் ஆஃப் டூம்’ (1966) படத்தில் இச்சிக்கல் இன்னும் கூர்மையாகிறது. ஜப்பானியப் பெயர் ‘தாய்போசாட்சு தோகே’. கைஸான் நகஸாட்டோவின் நெடும் புதினத்தைத் தழுவியது. இதில் நகாடாய் ஏற்ற வேடம் ரியுனோசுகே என்னும் வாள்வீரன். படம் தொடங்கியதும் மலைக்கணவாயில் பிரார்த்தனை செய்துகொண்டிருக்கும் முதியவர் ஒருவரை அவன் காரணமில்லாமல் வெட்டிக் கொல்கிறான். பேத்தி அருகில் தண்ணீர் எடுக்கப் போயிருக்கிறாள். அதன்பின் நிகழும் ஒவ்வொன்றும் அவனை மேலும் இருளில் தள்ளுகிறது.

இப்படத்தின் சண்டைக் காட்சிகளைத் தனியே வெட்டி எடுத்துப் பார்ப்பவர்கள் இன்று ஏராளம். அப்படித் துண்டாகப் பார்க்கும்போது ரியுனோசுகே உணர்ச்சியற்ற, யாராலும் வெல்ல முடியாத, ‘கெத்தான’ ஆளாகத் தெரிகிறான். முழுப் படத்தையும் பார்த்தால் அவன் அப்படிப்பட்டவன் அல்லன். பனி பொழியும் இரவில் வாளாசிரியர் ஒருவர் (மிஃபுனே) தம்மைத் தாக்க வந்த கும்பலைத் தனியாக வீழ்த்துகிறார். ஓரமாக நின்று பார்க்கும் ரியுனோசுகேயின் முகத்தில் முதன்முறையாக அச்சம் வருகிறது. இறுதியில் தான் கொன்றவர்களின் நிழல்களைத் திரைச்சீலைகளுக்குப் பின்னால் கண்டு, பித்துப் பிடித்தவனாக எல்லாவற்றையும் வெட்டுகிறான். வாளை ஓங்கிய நிலையில் படம் உறைந்து நின்றுவிடுகிறது.

அவன் வெல்வதும் தோற்பதும் காட்டப்படுவதில்லை. அவனுக்கு அந்த வெட்டு முடிவதே இல்லை, அதுதான் தண்டனை. நகாடாய் இந்த வேடத்தில் பார்வையாளரின் பரிவைக் கேட்பதில்லை. இளமைக்காலத் துயரம், தூண்டுதல் என்று எந்தச் சாக்கையும் முகத்தில் காட்டுவதில்லை. வெறுமையை வெறுமையாகவே நடிக்கிறார். அந்த வெறுமையை ஆண்மையின் அழகு என்று ஓர் இளைஞர் எடுத்துக்கொள்வாரானால், படம் எச்சரித்த பள்ளத்திலேயே கால் வைக்கிறார். ரசனை என்பது வெறும் விருப்பு வெறுப்பு அன்று, யாரைப் போல ஆக விரும்புகிறோம் என்பதும் அதில் கலந்திருக்கிறது. இதைப் பேச வேண்டிய தேவை அதனால்தான்.

ஒகமோட்டோவும் நகாடாயும் இதே பொருளை நகைச்சுவையாகவும் கையாண்டிருக்கிறார்கள். ‘கில்!’ (1968) என்ற படத்தில் நகாடாய் சாமுராய் வாழ்வு வெறுத்துப்போய் அதைத் துறந்த ஒரு நாடோடி. நிலத்தை விற்றுவிட்டு எப்படியாவது சாமுராய் ஆகிவிடத் துடிக்கும் ஓர் உழவன் அவரோடு சேர்கிறான். அவன் ஆசைப்படுவது எதற்கு என்பதை நகாடாயின் பாத்திரம் சிரித்தபடியே அவனுக்குப் புரிய வைக்கிறது. ‘சஞ்சுரோ’வைப் போலவே இதற்கும் ஷுகோரோ யமமோட்டோவின் எழுத்தே அடிப்படை. சாமுராய்ப் படங்களின் ரசிகர்கள் தம்மைத் தாமே பார்த்துச் சிரிக்க உதவும் படம் இது.

ஓர் எதிர்வாதம்

இங்கே ஒருவர் கேட்கலாம்: ‘வாளை வியக்கக் கூடாது என்று படம் சொல்கிறதென்றால், அந்த வாளை ஏன் அவ்வளவு அழகாகக் காட்டுகிறது?’

நியாயமான கேள்வி. ‘ஹராகிரி’யின் சண்டைக் காட்சிகள் அழகானவை. ஒளி, காற்று, நிற்கும் கோணம் எல்லாமே பார்த்துப் பார்த்து அமைக்கப்பட்டவை. ஏறத்தாழ இரண்டு மணி நேரம் அநீதியைப் பொறுத்துக்கொண்டு பார்த்தவருக்கு ஹன்ஷிரோ வாளை உருவும்போது ஆறுதல் கிடைக்கிறது. அந்த ஆறுதலைக் கோபயாஷி தெரிந்தேதான் தருகிறார். வணிகத் திரைப்படத்துக்குள் நின்றே அவர் விமரிசனம் செய்தார்; அந்த வடிவத்தின் இன்பங்களை முழுதும் விலக்கவில்லை. ஆகவே, சண்டையை ரசிப்பவர் படத்தில் இல்லாத எதையும் கற்பனை செய்யவில்லை.

ஆயினும் அவர் தரும் ஆறுதல் எத்தகையது என்பதையும் பார்க்க வேண்டும். ஹன்ஷிரோ வெல்வதில்லை. அவர் வீழ்த்தியவர்களின் பெயர்களும் அவருடைய குற்றச்சாட்டும் ஏட்டில் இடம்பெறுவதில்லை. தனி மனிதரின் வாள்திறமை ஓர் அமைப்பின் பொய்யை அசைக்கவில்லை என்பதோடு படம் முடிகிறது. சண்டையின் அழகைக் கொடுத்துவிட்டு, அதன் பயனைப் பறித்துக்கொள்கிறது. முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டு இரண்டாவதை விட்டுவிடுவது பாதிப் படத்தைப் பார்ப்பதாகும்.

குரலும் உடலும்

அப்படியானால் நகாடாயிடம் வியக்க வேண்டியது எது? என் பார்வையில் முதலாவது அவருடைய குரல், இரண்டாவது அவர் உட்காரும் விதம்.

1952-இல் அவர் ஹாயுஸா நாடகக் குழுவின் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தார். ஜப்பானில் மேலைநாட்டு நாடக மரபைப் பின்பற்றி வளர்ந்த ஷிங்கெகி எனப்படும் புதிய நாடக இயக்கத்தின் முன்னணிக் குழுக்களில் அது ஒன்று. ஷேக்ஸ்பியர், இப்சன் நாடகங்களை நடித்துப் பழகிய இடம். பின்னாளில் ‘ஹாம்லெட்’, ‘மூன்றாம் ரிச்சர்ட்’, ‘மேக்பெத்’ ஆகியவற்றில் தலைமை வேடங்களை நகாடாய் மேடையில் ஏற்றார்.

அக்காலத்தில் ஜப்பானிய நடிகர்களைப் பெரிய திரைப்பட நிறுவனங்கள் தனி ஒப்பந்தத்தில் கட்டிவைத்திருந்தன. ஒரு நிறுவனத்தின் நடிகர் மற்றொன்றில் நடிக்க முடியாது. நகாடாய் எந்த நிறுவனத்தோடும் அப்படி ஒப்பந்தம் செய்துகொள்ளவில்லை. ஆண்டின் ஒரு பகுதியை நாடகத்துக்கு ஒதுக்க வேண்டும் என்பது அவருடைய எண்ணம். அதன் பயனாகவே குரோசாவா, கோபயாஷி, மிகியோ நருசே, கொன் இச்சிகாவா, ஒகமோட்டோ என்று வெவ்வேறு நிறுவனங்களில் பணியாற்றிய இயக்குநர்களோடு அவரால் நடிக்க முடிந்தது. ரசிகர்கள் வியக்கும் அந்த நீண்ட படப் பட்டியலுக்கு அடித்தளம் இந்த முடிவுதான்.

‘ஹராகிரி’ வெளியானபோது அவருக்கு வயது 29. நடித்ததோ பேரக்குழந்தை உள்ள மனிதராக. மருமகனாக நடித்த அகிரா இஷிஹாமா அவரைவிட மூன்று வயதுக்கும் குறைவாகவே இளையவர். எதிரே அமர்ந்து வாதிடும் மிகுனியோ அவரைவிட ஒன்பது வயது மூத்தவர். இந்த வயது வேறுபாட்டை ஒப்பனை மட்டும் கடந்துவிடவில்லை. ஹன்ஷிரோவின் குரல் அடித்தொண்டையிலிருந்து, அவசரமில்லாமல், ஒவ்வொரு சொல்லையும் எடைபோட்டு வருகிறது. படத்தின் பெரும்பகுதியில் அவர் முற்றத்தில் விரித்த பாயில் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். கைகள் தொடைமீது. முதுகு நிமிர்ந்திருக்கிறது. கதை முன்னேறுவது அந்தக் குரலில்தான். இடையிடையே வரும் சிறு சிரிப்பைக் கவனியுங்கள். முதலில் பணிவாகத் தோன்றும் அந்தச் சிரிப்பு, மெல்ல மெல்ல ஏளனமாகி, பிறகு குற்றச்சாட்டாக மாறுகிறது.

இந்தக் குரலே படப்பிடிப்பில் சர்ச்சைக்கு உள்ளானதை நகாடாய் நினைவுகூர்ந்திருக்கிறார். ஒலிவாங்கி அருகில் இருக்கும்போது மேடையில் பேசுவதுபோல் ஏன் உரக்கப் பேச வேண்டும் என்று மிகுனி கேட்டார். பாத்திரங்களுக்கிடையே உள்ள தொலைவுக்கேற்பத்தான் பேச வேண்டும் என்பது நகாடாயின் நிலை. கோபயாஷி படப்பிடிப்பை நிறுத்தி, இருவரும் வாதிட்டு முடிக்கட்டும் என்று காத்திருந்தாராம். வாள் எவ்வளவு கூர்மையாக இருந்தது என்பதைவிட இந்தச் செய்தி நமக்கு அதிகம் கற்றுத்தருகிறது. மாளிகைத் தாழ்வாரத்தில் நிர்வாகி, கீழே முற்றத்தில் ரோனின். அந்த இடைவெளி அதிகாரத்தின் இடைவெளி. அதைக் குரலால் கடக்க வேண்டும் என்பதை நகாடாய் புரிந்திருந்தார்.

வாள் இல்லாத படங்கள்

நகாடாயை அறிய விரும்புவோர் வாள் இல்லாத படங்களையும் பார்த்தாக வேண்டும். கோபயாஷியின் ‘தி ஹியூமன் கண்டிஷன்’ (1959–1961) மூன்று படங்களாக, ஏறத்தாழ ஒன்பதரை மணி நேரம் ஓடுவது. ஜுன்பெய் கொமிகாவாவின் புதினத்தைத் தழுவியது. இரண்டாம் உலகப்போர்க் காலத்து மஞ்சூரியாவில் சீனக் கைதிகளை வேலை வாங்கும் சுரங்கத்துக்குப் பொறுப்பாளராக அனுப்பப்படும் காஜி என்ற இளைஞர்தான் நாயகர். கைதிகளை மனிதர்களாக நடத்த விரும்புகிறார். ஆனால், தாம் வெறுக்கும் அமைப்பின் கருவியாக அவரே ஆகிவிடுகிறார். பிறகு படைவீரர், பிறகு போர்க்கைதி, கடைசியில் பனிவெளியில் தனியாக ஒரு சாவு. கோபயாஷியே மஞ்சூரியாவில் படைவீரராக இருந்தவர். பதவி உயர்வுகளை ஏற்க மறுத்தவர். நகாடாய் போர்க்காலத்து டோக்கியோவில் வளர்ந்தவர். கட்டளைக்குப் பணிவதா, மறுப்பதா என்ற கேள்வி அவ்விருவருக்கும் ஏட்டுக் கேள்வியன்று. ‘ஹராகிரி’யின் மாளிகையை இந்தப் படத்துக்குப் பின் பார்த்தால், அது பழங்கால எடோவை மட்டும் குறிக்கவில்லை என்பது விளங்கும்.

நருசேயின் ‘வென் எ உமன் அசெண்ட்ஸ் த ஸ்டேர்ஸ்’ (1960) படத்தில் மதுக்கூட மேலாளராக, தாம் விரும்பும் பெண்ணைக் குறித்து வாய்திறக்காமல் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கும் மனிதர். குரோசாவாவின் ‘ஹை அண்ட் லோ’ (1963) படத்தில் கடத்தல் வழக்கை விசாரிக்கும் அமைதியான காவல் அதிகாரி. ஹிரோஷி தெஷிகஹாராவின் ‘தி ஃபேஸ் ஆஃப் அனதர்’ (1966) படத்தில் விபத்தில் முகம் சிதைந்தவர். படத்தின் முதற்பகுதி முழுவதும் முகத்தில் கட்டுப் போட்டிருக்கும். ரசிகர்கள் கொண்டாடும் அந்த முகமே இல்லாமல், குரலையும் தோள்களையும் மட்டும் கொண்டு அவர் அவமானத்தையும் பொறாமையையும் காட்டுகிறார். நகாடாயின் நடிப்பு முகத்தில் மட்டும் இல்லை என்பதற்கு இதைவிட நல்ல சோதனை கிடைக்காது.

மிஃபுனேயோடு ஒப்பீடு

ரசிகர் விவாதங்களில் ஓயாமல் எழும் கேள்வி, மிஃபுனே பெரியவரா நகாடாய் பெரியவரா என்பது. மிஃபுனே 1920-இல் பிறந்தவர். நாடகப் பயிற்சி இல்லாமல் தோஹோ நிறுவனத்தின் புதுமுகத் தேர்வு வழியாக வந்தவர். உள்ளே இருப்பது அப்படியே வெளியே வெடிக்கும் வகை நடிப்பு அவருடையது. நகாடாய் பாத்திரத்துக்கேற்ப நடையையும் குரலையும் மாற்றிக்கொள்பவர். ‘யோஜிம்போ’வில் (1961) கழுத்தில் துணி சுற்றிக் கைத்துப்பாக்கியோடு சிரிக்கும் இளைஞனும், அடுத்த ஆண்டு ‘சஞ்சுரோ’வில் வரும் ஹன்பெய்யும் ஒரே நடிகரா என்று ஐயம் எழும்.

இருவரும் சேர்ந்து நடித்த படங்களில் ஒருவரின் திறமை மற்றவரைச் சார்ந்தே நிற்கிறது. கோபயாஷியின் ‘சாமுராய் ரெபெல்லியன்’ (1967) படத்தில் இருவரும் நண்பர்கள். எல்லைக் காவல் பொறுப்பில் இருப்பதால் நண்பனைத் தடுக்க வேண்டிய கட்டாயம் நகாடாயின் பாத்திரத்துக்கு. யார் வெல்வார் என்று காத்திருக்கும் ரசிகருக்கு அந்தச் சண்டை ஏமாற்றமளிக்கலாம். அதில் வெற்றி என்று எதுவும் இல்லை. கடமை என்ற பெயரில் ஒரு நட்பு அழிகிறது. இருவரையும் தராசில் நிறுத்திப் பார்ப்பவர் அந்தத் துயரத்தைக் காணாமல் போகிறார்.

குறைகளும் பேசப்பட வேண்டும்

வியப்பு மிகுந்தால் குறைகளைப் பேச இடமிருக்காது. அது நடிகருக்கும் நன்மையன்று.

‘ககெமுஷா’ (1980) கான் விழாவில் தங்கப்பனை விருதைப் பகிர்ந்துகொண்ட படம். தலைமை வேடத்துக்கு முதலில் தேர்வானவர் ஷின்டாரோ கட்சு. குரோசாவாவோடு ஏற்பட்ட மோதலால் அவர் விலக, நகாடாய் வந்தார். பிரபு ஷிங்கென், அவரைப் போலவே தோற்றமுள்ள திருடன் என்று இரட்டை வேடம். பிரபுவாக அவர் குறையற்றவர். ஆனால் திருடனாக வரும் தொடக்கக் காட்சிகளில், ஒரு பிரபு திருடனைப்போல நடிப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. தெருவில் அடிபட்டு வளர்ந்தவனின் குறும்பும் கூச்சமின்மையும் போதவில்லை. பின்பாதியில், அவன் அந்தப் பாத்திரத்துக்குள் தன்னை இழக்கும்போதுதான் நடிப்பு உயர்கிறது.

‘ரான்’ படத்தில் நோ நாடக முகமூடியை ஒத்த கனத்த ஒப்பனையோடு, மூப்படைந்த பிரபு ஹிதெடோராவாக நடித்தபோது அவருக்கு வயது 52. அந்த நடிப்பு மிகையானது என்று கருதுவோர் உண்டு. இங்கே நான் உடன்படவில்லை. மகன்களால் துரத்தப்பட்டு அறிவு கலங்கும் அந்த முதியவர், தம் வாழ்நாள் முழுதும் பிறரைக் கொன்று நாட்டைச் சேர்த்தவர். இயல்பான முகம் அவருக்கு எப்போதோ இல்லாமல் போய்விட்டது. முகமூடி நடிப்பு அந்த மனிதருக்குப் பொருத்தமே. எரியும் கோட்டையிலிருந்து இறங்கும்போது அவருடைய கையில் வாளுறை இருக்கிறது, வாள் இல்லை. ரசிகர்கள் சொல்லும் ஆபத்துக் கதையைவிட இந்த விவரம் முக்கியமானது.

பெயரற்றவர்களின் பள்ளி

1975-ஆம் ஆண்டு நகாடாயும் அவருடைய மனைவியும் நாடகக் கலைஞருமான யாசுகோ மியஸாகியும் முமெய்ஜுக்கு என்ற நடிப்புப் பள்ளியைத் தொடங்கினார்கள். ‘பெயரற்றவர்களின் பள்ளி’ என்று பொருள் கொள்ளலாம். ஆண்டுதோறும் சிலரைத் தேர்ந்தெடுத்து, கட்டணம் வாங்காமல், மூன்றாண்டுகள் கற்பித்தார்கள். உலகப் புகழின் உச்சியில் இருந்த ஒருவர் தம் பள்ளிக்கு இப்பெயரை வைத்தது கவனிக்கத்தக்கது. பாடம் சொல்லிக் கொடுத்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஒன்றும் அறியாதவராகத் தம்மை வைத்துக்கொண்டால்தான் மாணவரோடு சேர்ந்து தொடங்க முடியும்.

இப்பள்ளியில் பயின்றவர்களில் ஒருவர் கோஜி யாகுஷோ. முன்பு டோக்கியோவின் வட்டார அலுவலகம் ஒன்றில் ஊழியராக இருந்தவர். அரசு அலுவலகத்தைக் குறிக்கும் ‘யாகுஷோ’ என்ற சொல்லையே அவருக்கு நடிப்புப் பெயராகச் சூட்டியவர் நகாடாய். 2023-இல் ‘பெர்ஃபெக்ட் டேஸ்’ படத்துக்காகக் கான் விழாவில் சிறந்த நடிகர் விருது பெற்றவர் இவர். 2011-இல் தகாஷி மீகே ‘ஹராகிரி’ கதையை மீண்டும் படமாக்கியபோது, ஹன்ஷிரோவை எதிர்கொள்ளும் மாளிகை நிர்வாகியாக நடித்தவரும் யாகுஷோவே. ஆசிரியர் முற்றத்தில் அமர்ந்து கேள்வி கேட்ட கதையில், மாணவர் தாழ்வாரத்தில் அமர்ந்து பதில் சொல்லும் நிலைக்கு வந்தார். இரண்டு படங்களையும் அடுத்தடுத்துப் பார்ப்பது நல்ல பயிற்சி.

முமெய்ஜுக்கு குழு பயிற்சிக்காகச் சென்று பழகிய ஊர் இஷிகாவா மாநிலத்தின் நோட்டோ தீபகற்பத்தில் உள்ள நகஜிமா. அந்த உறவின் பயனாக 1995-இல் அங்கே நோட்டோ நாடக அரங்கு திறக்கப்பட்டது. மேடையின் பின்சுவர் திறந்தால் வெளியே உள்ள மரங்களும் மலையும் காட்சியின் பகுதியாகிவிடும். 2024 ஜனவரி 1 அன்று நோட்டோவைப் பெரும் நிலநடுக்கம் தாக்கியது. அடுத்த ஆண்டு, 92 வயதில், அதே அரங்கில் பிரெக்டின் ‘மதர் கரேஜ்’ நாடகத்தில் நகாடாய் நடித்தார். போரில் வணிகம் செய்து பிழைக்கப் பார்த்து, தன் பிள்ளைகளை ஒவ்வொருவராக இழக்கும் தாயின் வேடம். வாள் ஏந்திய இளைஞராக உலகம் நினைவில் வைத்திருக்கும் நடிகர், தம் கடைசி ஆண்டில் போரால் யாருக்கு என்ன நேர்கிறது என்று காட்டும் முதிய தாயாக மேடையில் நின்றார். சில மாதங்களில் மறைந்தார்.

மாணவர்களுக்குச் சில குறிப்புகள்

நகாடாயின் ரசிகராக இருப்பது நல்லது. அந்த ரசனை வளர மூன்று வழிகளைப் பரிந்துரைக்கலாம்.

முதலாவது, துண்டுக் காட்சிகளிலிருந்து தொடங்கினாலும் முழுப் படத்துக்குச் செல்லுங்கள். ரியுனோசுகேயின் ஒரு வெட்டுக்கு முன்னும் பின்னும் என்ன நடக்கிறது என்று தெரியாமல் அந்த வெட்டைப் புரிந்துகொள்ள முடியாது.

இரண்டாவது, ‘ஹராகிரி’யை இரண்டாம் முறை பார்க்கும்போது சண்டைகளுக்காகக் காத்திருக்காதீர்கள். ஹன்ஷிரோ உட்கார்ந்திருக்கும் காட்சிகளில் குரல் எங்கே தாழ்கிறது, எங்கே நிற்கிறது, எந்தச் சொல்லுக்குப் பின் சிரிப்பு வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மொழி தெரியாவிட்டாலும் இது கேட்கும்.

மூன்றாவது, வாள் படம் ஒன்றைப் பார்த்தால் வாள் இல்லாத படம் ஒன்றையும் பாருங்கள். ‘ஸ்வோர்ட் ஆஃப் டூம்’, ‘தி ஃபேஸ் ஆஃப் அனதர்’ இரண்டும் ஒரே ஆண்டில் வெளிவந்தவை. ஒன்றில் முகத்தில் எதுவும் எழுதப்படவில்லை, மற்றதில் முகமே இல்லை. இரண்டையும் ஒரே மனிதர்தான் நடித்தார் என்று உணரும்போது வரும் வியப்பு, வாளைக் கண்டு வரும் வியப்பைவிட நெடுநாள் நிலைக்கும்.